சட்டமும் கூடும்

'சட்டம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் வழக்கில் உண்டு. படத்துக்கும் பலகைக்கும் மரத்தால் இடுவது ஒன்று. அரசு இயற்றுவது மற்றொன்று. வகுப்பறையில் ஆண்டுதோறும் இதைச் சொல்லிவந்த நமக்கு, இரண்டும் சேர்ந்து எதிரே வந்து நின்றது திண்டிவனத்துக் காயலான் கடை ஒன்றில்தான்.

நம் தந்தையார் விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். 1983இல் பழைய வண்டியாக அவர் வாங்கியது, 1969ஆம் ஆண்டின் நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது. பிறந்த நாட்டில் அது கிடையாது. ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் வண்டி. மண்டித் தெருவில் மாட்டு வண்டிகளுக்கு இடையே தந்தையார் அதை ஒரே வீச்சில் திருப்புவதை வேடிக்கை பார்க்கவென்றே நாம் பள்ளி விட்டதும் ஓடிய நாட்கள் உண்டு.

அவர் மறைந்தபின் வண்டி கொட்டகையில் நின்றது. விற்கவும் மனமில்லை, ஓட்டவும் நேரமில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், கொட்டகையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபின் பார்த்தால் மேலே எல்லாம் ஒருவாறு இருந்தது. கீழே கை வைத்தால் இரும்பு அப்பளமாக நொறுங்கியது. அம்மா திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பா இருந்தா இப்படி விட்டிருப்பாராப்பா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஒரே ஒருதரம் இதுல மயிலம் போய் முருகனைப் பாத்துட்டு வந்துட்டாப் போதும்" என்றார்.

இந்த இடத்தில் ஹெரால்டின் உடற்கூற்றைச் சொல்லியாக வேண்டும். 2014 வரை வந்த அம்பாசிடரில் கூடும் சட்டமும் வேறல்ல. தகரக் கூடே எலும்பும் ஆகிறது. ஹெரால்டு அப்படியன்று. கூடு செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை 1953இல் போட்டியாளர் வாங்கிவிட்டதால், ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் பழைய முறைக்கே திரும்ப நேர்ந்தது: தனியாக ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த கூட்டைப் போல்ட் போட்டு இணைப்பது. நடுவே முதுகெலும்பு போல இரண்டு நீளத் தண்டுகள். அவற்றிலிருந்து விலா எலும்புகளாக இருபுறமும் நீளும் கைகள். ஆகவே ஹெரால்டின் கூட்டைக் கழற்றி வேறொரு சட்டத்தில் ஏற்றலாம். அம்பாசிடரில் எழவே எழாத ஒரு கேள்வி, இங்கே எழுந்துவிடுகிறது.

விழுப்புரத்துப் பட்டறையில் பார்த்தவர், "சேஸிஸ் போயிடுச்சு சார், வேற தேடுங்க" என்று கைகழுவினார். தேடினோம். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. புதுச்சேரி சாலை, செஞ்சி சாலை என்று அலைந்து, ஏழாம் மாதத்தில் திண்டிவனத்துக் காயலான் கடையில் லாரிப் பட்டைகளுக்கு அடியில் ஒன்றைக் கண்டோம். ஹெரால்டின் வழித்தோன்றலாக 1972 முதல் 1977 வரை வந்த ஸ்டாண்டர்ட் கெஸலின் சட்டம் அது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் ஆடும். கெஸலுக்கு ஒரே நேர் அச்சு. அதனால் பின்பகுதியில் வேறுபாடு உண்டு. கூடு உட்காரும் கைகளை டேப் வைத்து அளந்தோம், பொருந்தின. நெஞ்சு அடித்துக்கொண்டதை மறைப்பதற்கில்லை.

உடன் வந்த தரகர் மெதுவாகச் சொன்னார்: "உங்க ஆர்சி புக்குல இருக்கிற நம்பரை இதுல அடிச்சுக் குடுத்துடறேன் சார். ஐம்பது வருஷ வண்டி, யார் குனிஞ்சு பாக்கப் போறா?"

உடனே மறுத்துவிட்டோம் என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு பேருந்தில் திரும்பினோம். அம்மாவின் வயதும் கண்முன் வந்தது.

வீட்டில் சட்டத்தைப் படித்தோம்; இது மற்றச் சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2021 ஜூலையில் வந்த விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாக ஏற்கின்றன, 'வி.ஏ.' எழுத்துள்ள தனி எண்ணும் தருகின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சட்டகமோ கூடோ என்ஜினோ மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அத்துடன் அந்த வண்டி கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறங்கலாம். மயிலம் கோயில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, பழைய பதிவையே புதுப்பித்து, ஆய்வாளர் முன் ஓட்டிக் காட்டுவதுதான் நமக்குள்ள வழி. அங்கே போய் இரவல் எலும்புக்கு நம் எண்ணைச் சொல்வதா?

அப்போது நினைவுக்கு வந்தது புறநானூறு. 1894இல் உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. நல்ல பாடல் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து அங்கே வைத்திருந்தால் தொகை நிறைந்திருக்கும், நூல் பொய்யாகியிருக்கும். ஆனால் ஐயர் வேறு பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலையவும் செய்தார். அந்தப் பிரதிகள் கையிலுள்ள ஏட்டைத் தூக்கி எறிவதற்காக அல்ல, ஒப்பிட்டுத் திருத்துவதற்காக.

இரண்டாம் நாள் திண்டிவனத்திலேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முதியவரான பாய் ஒருவரை விழுப்புரத்துக்கு அழைத்துவந்தோம். வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி ஓசையைக் கேட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நடு முதுகு கெட்டியா இருக்கு சார். கைங்கதான் போயிருக்கு. அளவு மட்டும் இருந்தா புதுசா மடிச்சு வச்சுடலாம்" என்றார்.

"அளவு இருக்கிறது பாய்" என்றோம்.

கெஸல் சட்டத்தைப் பழைய இரும்பு விலைக்கே வாங்கினோம். தரகருக்கு வருத்தம். பாய் அதைப் பட்டறைத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு கையின் நீளத்தையும் துளைகளின் இடைவெளியையும் அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டார். அதைப் பார்த்துப் புதுத் தகட்டை மடித்து, நம் பழைய தண்டில் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து வருகிறார். பற்றவைக்கும்போது சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளுமாம். அதனால் ஒருபுறம் சிறிது, மறுபுறம் சிறிது, நடுவில் ஆறவிட்டு, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்து என்று வேலை மெல்லத்தான் நகர்கிறது. செலவு, வேறு சட்டம் மாற்றுவதைவிட இருமடங்கு ஆகும்போலிருக்கிறது.

சென்ற வாரம் அம்மாவைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றோம். கூடு ஒரு பக்கம் மரக்கட்டைகள்மேல். சட்டம் ஒரு பக்கம். புதுக் கைகள் பளபளக்க, நடுத்தண்டு மட்டும் கறுத்துக் கிடந்தது. அம்மா குனிந்து அந்தக் கறுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பங்குனி உத்திரத்துக்குள்ள முடிஞ்சுடுமா பாய்?"

"ஆய்வாளர் பாத்து கையெழுத்துப் போடணும்மா. என் வேலை முடிஞ்சுடும்" என்றார் அவர்.