ரோட்டைக் கூடவே எடுத்துக்கிட்டு...

காளையார்கோவில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. கார்தான் நகர மாட்டேன் என்கிறது! மாமியார் ஊரிலிருந்து குறுக்குவழி என்று கண்மாய்க்கரையில் விட்டது என் புத்திசாலித்தனம். முதல் நாள் மழையில் கரை முழுக்கச் சகதி.

பின்சீட்டில் மாமியார். முட்டிவலி, நடக்க முடியாது. என் பையன் டைபாய்டில் கிடந்தபோது காளீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டவர். மதியம் நடை சாத்த ஒரு மணி நேரம்தான் பாக்கி. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் உள்ளே போனது. பி.காம். படிச்சவன் வேறென்ன செய்வேன்?

ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் வந்தார். "மிதிக்காதீக தம்பி!" என்று சக்கரத்துக்கடியில் பனமட்டைகளைச் செருகினார். கார் நாலடி நகர்ந்தது. "பின்னாடி கெடக்குறத எடுத்து முன்னாடி போடுங்க!"

மட்டையும் கையுமாக ஓடும்போதுதான் கெக்ரெஸ் ஞாபகம் வந்தார். ரஷ்ய ஜார் மன்னரின் கார்களைக் கவனித்த பிரெஞ்சுக்காரர். பனியில் கார் புதைகிறதே என்று, முதல் உலகப் போருக்கு முன்பே பின்சக்கரத்தை எடுத்துவிட்டு முடிவில்லாத பெல்ட் மாட்டினார். பெல்ட் முன்னால் விரிந்து, பின்னால் சுருண்டு, மறுபடி முன்னால் வரும். பாரம் பரவுவதால் வண்டி புதையாது. புரட்சிக்குப் பிறகு லெனினின் ரோல்ஸ் ராய்ஸுக்கும் அதே பெல்ட்தான். ஆள் மாறினாலும் பனி மாறவில்லையே!

கெக்ரெஸ் பிரான்ஸ் திரும்பி சிட்ரோயன் கம்பெனியில் சேர்ந்தார். 1922 டிசம்பரில் கிளம்பிய ஐந்து சிட்ரோயன் வண்டிகள் மூன்றே வாரத்தில் சஹாராவைத் தாண்டி டிம்பக்டு போய்ச் சேர்ந்தன. 1931-ல் நம் காஷ்மீருக்கும் வந்தன. ஸ்ரீநகரிலிருந்து கில்கிட் போகும் வழியில் பாதையே சரிந்துபோன இடங்களில் வண்டியைக் கழற்றி, கூலியாட்கள் சுமந்தார்கள். பெல்ட்டுக்கும் பூமி வேண்டுமில்லையா?

1801-ல் இந்தக் காளையார்கோவில் காட்டில் வெள்ளைக்காரர்களுக்கும் இதே பாடுதான். மருதுபாண்டியரைப் பிடிக்க, கர்னல் அக்னியூ படை சிறுவயலிலிருந்து மரம் வெட்டி ரோடு போட்டுக்கொண்டே வந்தது. ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் திரும்பியது. அக்டோபர் 1-ல் வேறு வழிகளில் நுழைந்து ஊரைப் பிடித்தார்கள். அப்போது பெல்ட் வண்டி மட்டும் இருந்திருந்தால்... வேண்டாம் சாமி!

கார் கரையேறியது. பெரியவர் காசு வாங்கவில்லை. மட்டைகளை டிக்கியில் அடுக்கினார்.

"இது எதுக்குங்கய்யா?"

"சாமி கும்பிட்டுத் திரும்பி வரணும்ல?"