இரண்டாவது பிரதி

மாஞ்சோலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, இப்போது மணிமுத்தாறில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு அக்கா போன வருஷம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “எங்கம்மா பாடுனதப் பிடிச்சுட்டுப் போனீங்கல்லா டீச்சர், அது இருக்கா?” அவர் அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

“இருக்குக்கா” என்றேன். 2011-இல் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தோட்டத்துப் பெண்கள் பாடிய 41 பாடல்களைப் பதிவு செய்திருந்தேன். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டு எல்லாம் உண்டு. அத்தனையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். கிர்க், கிர்க் என்றது. வேறொன்றும் வரவில்லை.

டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் அதன்மேல் மிதக்கிறது. அந்த முனை போய்விட்டது என்றார் பழுது பார்த்தவர். பூட்டி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த பத்திரம். நகையை அப்படி வைக்கலாம். குரலை வைக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. தம்பியின் கல்யாண வீடியோ எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் இருந்தது. அதற்கு நகல் எடுத்தவளும் நான்தான். இந்தப் பாடல்களுக்கு எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. எடுக்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

தமிழ் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஓலைச்சுவடியின் ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான். சங்கப் பாட்டு நம்மிடம் வந்தது ஓலை உறுதியானது என்பதால் அல்ல, யாரோ திரும்பத் திரும்பப் படி எடுத்ததால். உ.வே.சா. சுவடி தேடித் திருநெல்வேலிக்கு வந்தபோது, ஒரு வீட்டில் வண்டிக்கணக்கான ஏடுகளை ஆடிப் பதினெட்டில் வாய்க்காலில் விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படி விடுவது சம்பிரதாயம் என்று முதிய பெண்கள் சொன்னார்களாம். எழுத்தைப் படிக்க விடாமல் வைத்திருந்த பெண்கள் தலையிலேயே அந்தப் பழியும் விழுந்தது. அதே பெண்கள் பாட்டைத் தொண்டையிலிருந்து தொண்டைக்குப் படி எடுத்துக்கொண்டிருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு ‘எந்த டிஸ்க் நல்லது?’ என்று தேடினேன். இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பெனிகள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றுதான். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எது எப்போது செத்தது என்று 2013 முதல் கணக்கு வெளியிடுகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு போகின்றன. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் உழைக்கிறது, இன்னொன்று ஏமாற்றுகிறது. சுற்றும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்தால் எழுதியதை இழக்கலாம். ஆக, சாகாத டிஸ்க் என்று ஒன்று கிடையாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில் என்பதே விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் வழி.

இப்போது வெவ்வேறு கம்பெனியின் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் வைத்திருக்கிறேன். ஒன்றைக் கல்லிடைக்குறிச்சியில் அம்மாவிடம் கொடுக்க நினைத்தேன். அதுவும் தாமிரபரணிக் கரைதான். 2023 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வந்தது. மதுரைத் தோழியிடம் கொடுத்தேன். பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது எல்லாவற்றையும் செருகித் திறந்து பார்க்கிறேன்.

ஆனால் வைத்துக்கொள்ள மிச்சமிருந்தவை நான்கு பாடல்கள்தான். முன்பு எப்போதோ அந்தத் தோழிக்கே மின்னஞ்சலில் அனுப்பியவை. மற்ற 37-ஐத் திரும்பப் பதிவு செய்ய முடியாது. 2024-இல் தோட்டத்தில் விருப்ப ஓய்வுக் கையெழுத்து வாங்கப்பட்டது. பாடியவர்களில் பலர் மலையில் இல்லை, சிலர் உயிரோடு இல்லை.

அந்த நான்கில் ஒன்று அக்காவின் அம்மா பாடிய தாலாட்டு. போனில் போட்டுக் காட்டினேன். நடுவில் ஒரு இருமல் வந்தது. “அம்மாதான்” என்றார். முழுவதும் கேட்டுவிட்டு, “இத எந் தங்கச்சிக்கு அனுப்பலாமா டீச்சர்?” என்று கேட்டார்.

“எல்லாருக்கும் அனுப்புங்கக்கா” என்றேன்.