அரியாங்குப்பத்துக்கு வந்த தன்னானே

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் தாண்டி, ஆற்றுப்பாலத்தில் ஏறி இறங்கினால் எங்கள் ஊர். அரியாங்குப்பம் என்று சொன்னால் முழிக்கிற வெளியூர்க்காரர்களும் அரிக்கமேடு என்றால் தலையாட்டுவார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு வணிகம் நடந்ததற்குச் சான்று காட்டிய மேடு, காக்காயன்தோப்பை ஒட்டி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு அது மழை விட்டதும் பாசிமணி பொறுக்கப் போகும் மாந்தோப்பு, அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஊர் நினைவில் நிற்பது காதால். மணவெளிப் பக்கம் நடவு நடக்கும்போது முன்பாட்டுக்காரி ஒரு வரி எடுப்பாள். குனிந்த முதுகோடு மற்றவர்கள் தன்னானே என்று வாங்கிக்கொள்வார்கள். வீராம்பட்டினத்துக் கடற்கரையில் பெரிய வலையை இழுக்கும்போது ஏலேலோ கிளம்பும். இழுப்பு கனத்தால் பாட்டும் கனக்கும். ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளியில் செங்கழுநீர் அம்மனுக்குத் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் தொட்டுத் தொடங்கிவைப்பது வழக்கம். அன்று வீதியெல்லாம் மேளம். கோடையில் சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கட்டியங்காரன் அடிக்கும் கிண்டலுக்குச் சிரித்துவிட்டு, திரௌபதியைத் துகிலுரியும் நேரத்தில் பெரியவர் மடியில் தூங்கிப்போவோம்.

இந்தப் பாட்டெல்லாம் ஊருக்குப் பொதுவாகத்தான் காற்றில் வந்தது. ஆனால் பாடுகிறவர் எதுவரைக்கும் வரலாம் என்பதில் பொது எதுவும் இல்லை. பறை அடிக்கிறவர்கள் எங்கள் தெருவுக்குள் வருவது சாவுக்கு மட்டும். நாள் முழுக்க நின்று அடித்துவிட்டு, காசையும் சாராயத்துக்கான படியையும் வாங்கிக்கொண்டு போவார்கள். திண்ணையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நடவுப் பாட்டுக்காரியின் குரலை மெச்சாத வீடு கிடையாது. அவளைக் கூப்பிட்டு ஒரு கல்யாணத்தில் பாடச் சொன்ன வீடும் கிடையாது. கல்யாணத்துக்கு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஒலிநாடா வழியாக நாட்டுப்புறப் பாடகர் கே. ஏ. குணசேகரன் வந்து சேர்ந்தார். டீக்கடை டேப்பில் இளையராஜா முடிந்ததும், இயக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர்கள் யாராவது அந்த நாடாவைப் போடுவார்கள். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை அவர் குரலில் முதலில் கேட்டது அங்கேதான். கச்சேரிக் குரலும் இல்லை, சினிமாக் குரலும் இல்லை. வயல்வெளியில் அடுத்த வரப்பில் நிற்பவருக்குக் கேட்கவேண்டுமென்று பாடுகிற, தொண்டை திறந்த குரல். அது எங்களுக்குப் புதிதல்ல, மணவெளியில் கேட்டதுதான். அந்தக் குரல் கடைவீதியில் நடுநாயகமாக ஒலித்ததுதான் புதிது.

அவர் சிவகங்கைச் சீமையில் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை என்ற ஊரில் 1955-இல் பிறந்தவர். பசியும் சாதியும் சேர்ந்து வளர்த்த பிள்ளை. இளையான்குடியில் முஸ்லிம் வீடுகளோடு பழகும்போது தெரியாத சாதி, உறவினர் ஊர்களுக்குப் போனால் தேநீர்க் குவளையிலும் குளத்துத் தண்ணீரிலும் வந்து நிற்கும். அதையெல்லாம் பின்னாளில் ‘வடு’ என்ற தன்வரலாறாக எழுதினார். 2005-இல் வந்த அந்தப் புத்தகத்தைத் தமிழின் முதல் தலித் தன்வரலாறு என்பார்கள். அழுகையும் ஆவேசமும் கூட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதப்பட்டது, அதனாலேயே சுடுகிறது.

படிப்பு அவரைக் கைதூக்கிவிட்டது. பாட்டு அந்தப் படிப்புக்குள்ளேயே கூட வந்தது. தம் பக்கத்து நாட்டுப்புற ஆட்டங்களையும் பாடல்களையும் ஊர் ஊராகச் சேகரித்து, அதையே ஆய்வாக்கி முனைவர் ஆனார். கொல்லங்குடி கருப்பாயி போன்ற மண்ணின் பாடகர்களோடு சேர்ந்து மேடையில் பாடினார். ‘தன்னானே’ என்று கலைக்குழு அமைத்தார். சொந்தமாகவும் பாட்டுக் கட்டினார், மெட்டமைத்தார், நாடகம் எழுதினார். அவருடைய ‘பலி ஆடுகள்’ தலித் நாடகத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் தாண்டிப்போக முடியாதது.

பிறகு அவர் எங்கள் புதுச்சேரிக்காரராகவே ஆகிவிட்டார். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகி, அதன் தலைவராகவும் இருந்தார். நாடகத் தமிழுக்கு உயிரைக் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் கண்மூடியது இதே புதுச்சேரியில்தான். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் தாங்கிய பள்ளியில் பறையும் கரகமும் பாடமாயின. எங்கள் தெருவுக்குள் சாவுக்கு மட்டும் வந்த வாத்தியத்தைப் படிக்க, பட்டதாரிப் பிள்ளைகள் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள்.

இடையில் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். பதவி, பட்டம், புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கி இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லலாம். நான் பார்த்த வெற்றி வேறு. ஏழைப் பையன் ஒருவன் பாட்டை ஏணியாக்கி ஏறிப் போனான் என்பதல்ல. ஏறும்போது பாட்டையும் அதைப் பாடியவர்களையும் கூடவே ஏற்றினார். அவர் குரல் வந்து சேர்ந்த பிறகு எங்கள் ஊரில் பொங்கல் விழாவிலும் அரசியல் மேடையிலும் பறை ஏறியது. முன்பு கைகட்டி நின்று அடித்தவரின் பேரன், ஜமுக்காளம் விரித்த மேடையில் பொன்னாடை வாங்கினான். சாதி அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் திண்ணைக்காரர்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, தலை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது.

2016 ஜனவரி 17, பொங்கல் நாட்கள் முடியும் வேளையில் புதுச்சேரியில் அவர் காலமானார்.

பாட்டுக்கு மேடை கிடைத்த அதே காலத்தில் நடவுக்கு வயல் இல்லாமல் போனது எங்கள் ஊரின் கணக்கு. மணவெளிப் பக்கம் பல வயல்கள் மனைகளாகி, மாடி வீடுகளாகிவிட்டன. வேலை போனால் வேலைக்கான பாட்டும் போகத்தான் செய்யும். சிவகங்கைச் சீமைப் பாடல்களுக்கு ஒரு குணசேகரன் கிடைத்தார். எங்கள் நடவுப் பாட்டையும் வலைப் பாட்டையும் அப்படி வீடு வீடாகத் தேடி எழுதிவைக்க அவரைப் போல் ஒருவர் வரவேண்டும் என்பதில்லை. முன்பாட்டு எடுத்த ஆயாக்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பதிவு செய்கிற போன் எல்லார் பையிலும் இருக்கிறது. போய், பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆயா, ஒண்ணு எடு” என்று கேட்க வேண்டியது நாங்கள்தான்.