குருத்தை விரித்துப் பார்த்த மாணவி

ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமத்தில் தங்கியிருந்த வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவி, மக்காச்சோள வயலில் செல்போனும் கையுமாக நின்றாள். 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழுவின் அடையாளங்களை இணையத்தில் பார்த்திருந்தாள். தலையில் கவட்டையைக் கவிழ்த்ததுபோல வெளிர் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இலையில் ஓட்டைகள் இருந்தன, புழுவைத்தான் காணோம்.

களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா வந்து குருத்தை விரித்து, மரத்தூள் போலிருந்த எச்சத்தை விலக்கினார். உள்ளே புழு! "இது எந்தப் புழு கண்ணு?" என்றார். மாணவி படத்தோடு ஒப்பிட்டு, படைப்புழுதான் என்றாள். புழு எதுவென்று தெரியாமல் மருந்து வாங்கியிருந்தால் காசுதான் வீண்.

உங்கள் ஊருக்கும் மாணவர்கள் வருவார்கள். திண்ணையில் பேசி அனுப்பிவிடாமல், வயலுக்குள் இறக்கிவிடுங்கள்.