ஒரே டோஸ், வேற வேற நாள்

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

பூம்பாறைப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா ஓபிக்கு வந்தாங்க. கர்ப்பப்பை வாய் புற்றுநோய். கீழே ஒரு ஆஸ்பத்திரியில 25 நாள் கரண்ட் வைக்கணும்னு சொல்லி, 11 முடிஞ்சிருக்கு. "மிச்சம் 14-ஐயும் சேத்து ஒரே நாள்ல வச்சிட முடியாதா தம்பி? இல்லன்னா பூண்டு எடுத்துட்டு ரெண்டு வாரம் கழிச்சுப் போறேன்."

நான் வெறும் எம்பிபிஎஸ். வழக்கமா "முடியாதும்மா"ன்னு சொல்லி சீட்டு எழுதி அனுப்பிடுவேன். அன்னைக்கு உக்கார வச்சுப் பேசினதுக்குக் காரணம், முந்தின வாரம் நைட் டூட்டியில படிச்ச ஒரு பிளாஸ்டிக் கதை.

ஊட்டியில டிஐஎஃப்ஆரோட கிரேப்ஸ்-3 ஆய்வகம் இருக்கு. சுமார் 400 டிடெக்டர், ஒவ்வொண்ணும் 1 சதுர மீட்டர் பிளாஸ்டிக் சின்டிலேட்டர். காஸ்மிக் கதிர்த் துகள் உள்ளே புகுந்தா நீல வெளிச்சம் ஒரு மினுக்கு மினுக்கும். அதை எண்ணுவாங்க. ஜெனீவா பக்கம் செர்ன்ல இருக்கிற சிஎம்எஸ் கருவியிலயும் இதே ஜாதி பிளாஸ்டிக்தான்.

ஊட்டியில விழுற கதிர் சொற்பம். சிஎம்எஸ்ல புரோட்டான் மோதுற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற தட்டுகள் வருஷக்கணக்கா அடி வாங்குது. பிளாஸ்டிக்கோட மூலக்கூறுச் சங்கிலி உடையுது. உடைஞ்ச துண்டுகள், தான் கொடுக்கிற நீல வெளிச்சத்தைத் தானே முழுங்குது. தட்டு மஞ்சளாயிடும். காமாலைன்னு வச்சுக்கோங்களேன்.

எவ்வளவு மங்கிச்சுன்னு அளக்கிறதுதான் பெரிய பாடு. பிளாஸ்டிக் மங்கிச்சா, அதைப் பார்க்கிற சென்சார் மங்கிச்சா? பிபி குறைவா காட்டினா நாம முதல்ல கஃப்பைத்தானே பார்ப்போம். லேப்ல செய்யும்போது கதிர் படாத, அதே தயாரிப்புத் துண்டு ஒண்ணைப் பக்கத்துல வச்சு, ரெண்டுக்கும் ஒரே சோதனை செஞ்சு ஒப்பிடலாம். அதையும் உடனே செய்யக் கூடாது. பாதிப்புல ஒரு பகுதி சில நாள், சில வாரத்துல தானா ஆறிடும். மிஞ்சுறதுதான் நிரந்தரம்.

சிஎம்எஸ்ல லேசர், நகர்த்தக்கூடிய கதிரியக்க மூலம், மோதல்ல வர்ற மியூவான், ஹாட்ரான்னு பல வழியில அளந்தாங்க. கோபால்ட்-60 வச்சும் தனியா சோதிச்சாங்க. நம்ம கோபால்ட் மெஷின்ல இருக்கிற அதே சரக்குதான். 2020-ல வந்த கட்டுரையோட முடிவு என்னை நிமிர்ந்து உக்கார வச்சிது: மொத்த டோஸ் ஒண்ணா இருந்தாலும், மெதுவா கொடுத்தா சேதம் அதிகம்.

நமக்குச் சொல்லித் தந்தது நேர் எதிர். தினம் 2 கிரே, 25 நாள், மொத்தம் 50. இடைவெளியில நல்ல செல் தன்னைச் சரி பண்ணிக்கும், புற்று செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. 28 கிரேயை ஒரே நாள்ல வச்சா குடலும் மூத்திரப்பையும் தாங்காது. பிளாஸ்டிக்குல ரிப்பேர் பண்ண ஆள் இல்ல. அங்க இருக்கிறது காத்துல இருந்து மெல்ல உள்ளே ஊறுற ஆக்சிஜன் மட்டும். வேகமா கதிர் அடிச்சா ஆக்சிஜன் மேற்பரப்புலயே செலவாயிடும். மெதுவா அடிச்சா ஆழம் வரைக்கும் போய் நிரந்தரச் சேதம் பண்ண அதுக்கு நேரம் கிடைக்குது. (இதே ஆக்சிஜன்தான் தற்காலிக மஞ்சளை வெளுக்கவும் செய்யுது. ரெண்டு பக்கமும் ஆடுற ஆளு.)

ஆக்சிஜன்னதும் ஞாபகம் வந்து ஹீமோகுளோபின் பார்த்தேன். 8.2. ஆக்சிஜன் இல்லாத கட்டியில கதிர் சரியா வேலை செய்யாது. ரத்தம் ஏத்த ஏற்பாடு பண்ணினேன்.

அப்புறம் அந்த அம்மாகிட்ட சொன்னேன்: "தினம் கொஞ்சமா வைக்கிறது உங்க நல்ல சதை ஆறுறதுக்கு. ரெண்டு வாரம் விட்டா கட்டியும் திரும்ப வளரும்மா. மொத்த வைத்தியமும் எட்டு வாரத்துக்குள்ள முடியணும்."

"அப்ப பூண்டு?"

அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அவங்க தம்பிக்குப் போன் போட்டேன். முனகிக்கிட்டே ஒத்துக்கிட்டார்.

திங்கக்கிழமை காலை பஸ்ல இறங்கிப் போனாங்க. நடுவுல விட்டது மொத்தம் ஆறு நாள். 25 முடிஞ்சிருச்சு. உள்ளே வச்சுக் கொடுக்கிற கதிர் சிகிச்சை இன்னும் பாக்கி. அதுக்கும் கீழேதான் போகணும்.