பேசிக்கொண்டே ஓடுவது

ஈஸி ரன் என்பதற்கு ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். பல வருடங்களாக நான் இந்தச் சோதனையில் தோற்றுக்கொண்டிருந்தவன். மெதுவாக ஓடுவதற்கு எதற்கு ஓட வேண்டும், நடந்தே போகலாமே என்பது என் கட்சி.

போன வருடம் ஒரு பயிற்சி ஓட்டத்தில் நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல ஏதோ ஆனது. சாலையோரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்க நாற்பது நிமிடம் ஆனது. இதயத்தின் தாளம் அவ்வப்போது தவறுகிறது என்றார்கள். மாத்திரை, ஓய்வு, மறுபடி பரிசோதனை. கடைசியில் டாக்டர் ஓடச் சொன்னார், ஆனால் துடிப்பு 135ஐத் தாண்டக் கூடாது. என் அப்பா 51 வயதில் வாசல் திண்ணையிலேயே போனவர். எனக்கு 36. இந்தக் கழித்தல் கணக்கை நான் அடிக்கடி போடுவேன்.

தனியாக ஓடும் முதல் ஓட்டத்துக்கு ஓரிகன் பேட்லேண்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது தட்டை என்பதுதான். பெண்ட் நகரத்திலிருந்து நெடுஞ்சாலை 20இல் கிழக்கே போனால் வரும். 3,500 அடிக்கு மேல் இருந்தாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஜூனிப்பர் மரங்களுக்கு இடையே போய், பிளாட்அயர்ன் பாறையைத் தொட்டு, வேறு வழியாகத் திரும்பும் சுற்று, சுமார் பத்து கிலோமீட்டர். 2009இல் இதைக் காப்புநிலமாக அறிவித்துவிட்டதால் சைக்கிளுக்குக்கூட அனுமதியில்லை.

அக்டோபர் காலை. கார் கண்ணாடியில் உறைபனி. மனைவி உள்ளேயே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, "ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் நான் தேடி வருவேன்" என்றாள். பேசும் சோதனையை அவளிடமே செய்து காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பாலை என்றதும் சிலப்பதிகாரத்தை இழுக்காமல் தமிழில் கட்டுரை எழுத முடியாது போலிருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்று அது சொல்கிறது. இங்கே கதை வேறு. மேற்கே கேஸ்கேட் மலைத்தொடர் பசிபிக்கிலிருந்து வரும் மழையையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கத்துக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு 30 சென்டிமீட்டர் அளவுதான். நான் வேலை பார்க்கும் போர்ட்லாந்தில் வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டிருக்கும். மூணு மணி நேர டிரைவில் இப்படியொரு நிலம்.

காலுக்குக் கீழே இருப்பது பாறை இல்லை, மாவு போன்ற மணல். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற எரிமலை வெடித்துச் சரிந்த பள்ளம்தான் இன்றைய கிரேட்டர் லேக். அன்று பறந்து வந்த சாம்பல் இது. ஷூ ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் புதைகிறது. வேகமாக ஓட நினைத்தாலும் விடாது. டாக்டர் சொன்னதை மணலும் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாட்ச்சில் 126.

ஜூனிப்பர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழகான மரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துணி பிழிவது போல முறுக்கிய அடிமரம். பாதி கிளைகள் செத்து வெள்ளி நிறத்தில் நிற்கும். ஆனால் அந்தச் செத்த உடம்பின் ஒரு பக்கத்தில் கையகல பட்டை மட்டும் உயிரோடு மேலே ஏறிப்போய், ஒரே ஒரு பச்சைக் கிளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். தண்ணீர் பத்தாதபோது மரம் தன்னில் ஒரு பகுதியைக் கைவிட்டுவிடுகிறது. இங்கே ஆயிரம் வயது தாண்டியவை உண்டு. ராஜராஜன் தஞ்சையில் கோவில் கட்டிக்கொண்டிருந்தபோது முளைத்தவை. அப்படி ஒன்றின் முன்னால் தேவைக்கு அதிகமாக நின்றேன். தாமதத்தில் முதல் பத்து நிமிடம் அங்கேதான் போனது.

மீதி என் மடத்தனம். பாறையிலிருந்து திரும்பும்போது ஒரு நாயின் கால்தடத்தைப் பாதை என்று நம்பிப் பின்தொடர்ந்திருக்கிறேன். கொஞ்ச தூரத்தில் நாய் ஒரு பக்கமும் அதன் ஆள் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டார்கள். சுற்றிப் பார்த்தால் ஜூனிப்பர், சேஜ் புதர், கறுப்புப் பாறை. மறுபடி ஜூனிப்பர், சேஜ் புதர், கறுப்புப் பாறை. மலைக்காட்டில் தொலைந்தால் சரிவாவது ஒரு திசை சொல்லும். இங்கே அதுவும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. சின்ன லூப்தானே என்று வரைபடத்தையும் இறக்கிவைக்கவில்லை. சாம்பல் நிறக் கட்டத்துக்கு நடுவே நீலப் புள்ளி மட்டும் துல்லியமாகத் துடித்துக்கொண்டிருந்தது. எதற்கு நடுவே என்றுதான் தெரியவில்லை.

ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஓடாமல் நிற்கும்போதே வாட்ச் 141 காட்டியது.

இந்த இடத்தில் எரிமலைக் குழம்பு மேலே உறைந்து, அடியில் ஓடியது அதை முட்டித் தூக்கியதால் மேடுகள் உண்டு. ரொட்டி வெந்து மேலே வெடித்தது மாதிரி நடுவே பிளவு இருக்கும். கையும் காலும் ஊன்றி ஒன்றின் மேல் ஏறினேன். மேற்கே த்ரீ சிஸ்டர்ஸ் சிகரங்கள் மூன்றும் பனியோடு வரிசையாக. ஒவ்வொன்றும் 10,000 அடிக்கு மேல். நெடுஞ்சாலை தெற்கே. அப்படியென்றால் மூவரையும் வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் போதும்.

போதும்தான். ஆனால் ஓடக் கூடாது. அதுதான் அந்தக் காலையில் மிகக் கஷ்டமான பகுதி. அவள் இந்நேரம் காரை விட்டு இறங்கியிருப்பாள். மனசு முழுக்க ஓடு என்கிறது. நாலு அடி ஓடினேன், 149. மீன் ஒருமுறை துள்ளியது, அல்லது துள்ளியதாக நினைத்தேன். நின்று ஜூனிப்பரைப் பிடித்துக்கொண்டேன். பட்டை நாராக உரிந்து கையில் வந்தது. பிறகு நடந்தேன், சத்தமாகப் பேசிக்கொண்டு. முழு வாக்கியங்களாக. "நான் இப்போது தெற்கே நடந்துகொண்டிருக்கிறேன். சட்னிக்குத் தேங்காய் வாங்க வேண்டும். திங்கள்கிழமை ரிலீஸ் இருக்கிறது." யாராவது கேட்டிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். 138. 133. பாதை இருபது நிமிடத்தில் தானாக வந்து சேர்ந்தது.

கார் நிறுத்துமிடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எதிரே வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில், மேலே என் பெரிய ஜாக்கெட். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்து வாட்ச்சை மேலே தள்ளிவிட்டு, இரண்டு விரலை வைத்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"வாட்ச்லயே காட்டுதே" என்றேன்.

"சும்மா இரு. எண்ணிக்கிட்டிருக்கேன்."