ஈய எழுத்தும் அதற்குப் பிறகும்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உங்கள் ஆபீஸில் இனி மொழிபெயர்ப்பை எந்திரமே செய்துவிடும், நீங்கள் திருத்திக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தாய். கம்ப்யூட்டர் வந்தபோது அச்சாபீஸில் நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்றும் கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால்தான் கடிதம்.

முதலிலிருந்தே சொல்கிறேன். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். அதிலிருந்து நான் வேலைக்குச் சேர்ந்த காலம் வரை பெரும்பாலான அச்சாபீஸ்களில் அடிப்படை வேலை ஒன்றுதான்: எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையால் கோப்பது.

கோக்கும் கம்போசிட்டரின் இடது கையில், எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக் இருக்கும். எதிரே கேஸ், அதில் அறை அறையாக ஈய எழுத்துகள். எழுத்து இடம் வலம் மாறியே வார்க்கப்பட்டிருக்கும். கோத்த வரியைத் தலைகீழாகத்தான் படிப்போம். 'கு' கோக்க ஒரு அச்சு போதும், 'கொ' கோக்க மூன்று எடுக்க வேண்டும். எந்த அறை எங்கே என்று கண் தேடாது, விரலே போய் எடுக்கும். பக்கம் அச்சாகி முடிந்ததும் மையைக் கழுவி, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் பிரித்துப் போட வேண்டும். கோப்பதைவிடப் பிரிப்பதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒரு 'ன்' தவறி 'ண்' அறையில் விழுந்தால் மறுநாள் கோப்பவரின் வரியில் பிழை வரும்.

என் காலத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணை. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட முறையிலிருந்து 13 எழுத்துகளின் புது வடிவத்தை அரசு ஏற்றது. அதுவரை ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை போல வளைந்த கொம்போடு வரும். ணா, றா, னா மூன்றிலும் கால் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் தனி அச்சு. புது முறையில் கேஸில் ஏற்கெனவே இருந்த ஐகாரக் கொம்பும் காலுமே போதும். கை கொஞ்ச நாள் பழைய அறைக்கே போனது, பிறகு பழகிவிட்டது. கோக்கும் வேலை எங்களிடமே இருந்தது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவதுதான் நீ கேட்டது. எண்பதுகளின் கடைசியில், கம்ப்யூட்டரிலேயே பக்கத்தை அமைக்கும் டி.டி.பி. எட்டிப் பார்த்தது. தொண்ணூறுகளில் சின்ன ஊர் அச்சாபீஸ்கள் வரை வந்துவிட்டது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர் பைண்டிங் பக்கம் போனார்கள், சிலர் வாட்ச்மேன் ஆனார்கள். எங்கள் முதலாளி என்னைக் காலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பினார். தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகையையே அப்போது கம்ப்யூட்டரிலும் வைத்திருந்தார்கள். கற்றுக்கொண்ட காலம் முழுக்கச் சம்பளம் குறையவில்லை. பக்கத்துத் தெரு அச்சாபீஸில் ஒருவர் இருந்தார், எப்பேர்ப்பட்ட கிறுக்கல் கையெழுத்தையும் படித்துக் கோத்துவிடுவார். என்னைவிட நல்ல தொழிலாளி. அங்கே ஒரு மாதக் கடைசியில் அச்சுக்கோப்புப் பிரிவையே மூடிவிட்டார்கள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே இல்லை. காலத்துக்கு ஏற்ப மாறத் தெரியாதவர் என்று ஊரில் பேசினார்கள். நான் அதை இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. வீட்டில் அரிசி வாங்க வேண்டிய மனிதர் சம்பளமில்லாமல் எத்தனை மாதம் கற்றுக்கொள்வார்?

விசைப்பலகையில் வேகமாக அடிக்கும் பிள்ளைகளுக்கு நான் ஈடு கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் எடுத்துத் தந்த தாளில் ல, ள குழப்பமும் விட்டுப்போன ஒற்றும் என் கண்ணில் உடனே பட்டன. முதலாளி என்னை மெய்ப்புப் பார்க்க உட்காரவைத்தார். அதில்தான் ஓய்வு பெறும் வரை ஓடியது. நடுவில் எழுத்துரு மாறினால் பக்கமே குழம்பிப்போகும் தொல்லை, 1999இல் தமிழ்99 விசைப்பலகை, அப்புறம் யூனிகோட் என்று எத்தனையோ வந்தன. அதையெல்லாம் இளையவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, கோத்த பக்கத்தைப் பார்க்கும்போது வந்த நிறைவு, திருத்திய பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு வந்ததே இல்லை. உனக்கும் அந்த வருத்தம் இருந்தால் அது நியாயமானதுதான் அம்மாடி, அதற்காக வெட்கப்படாதே.

ஆபீஸில் இரண்டு விஷயங்களைக் கேள், எழுத்திலேயே கேள். புது முறையைப் பழகும் மாதங்களில் சம்பளம் அப்படியே வருமா? திருத்துவதற்குச் சொல் கணக்கில் கூலியா, மணிக் கணக்கிலா? மோசமாகக் கோத்த பக்கத்தைத் திருத்துவதைவிடப் புதிதாகக் கோப்பதே எங்களுக்குச் சீக்கிரம் முடியும். அப்படிப்பட்டதைப் பிரித்துப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம். எந்திரம் தரும் பக்கம் அந்த மாதிரி இருந்தால், அதை ஒதுக்கிவிட்டு நீயே மொழிபெயர்க்கலாமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடு. என்ன பதில் வந்தது என்று எழுது.

அன்புடன்,
பெரியப்பா